அறிவித்தலை வாசிக்கப் பழகுவோம்

எமது காணி, பயிர், பசளை, நீர், நிவாரணம் ஆகியவை பற்றிய கட்டளைகளிற் பெரும்பாலானவை பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படுவதில்லை. பாராளுமன்றம் சட்டத்தை இயற்றி, அதற்கான ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்துவிடுகிறது. பின்னர் அமைச்சும் திணைக்களமும் விதிகளை எழுதுகின்றன. எந்தப் பசளையை இறக்குமதி செய்யலாம், வனத்தின் எல்லை எந்த வயலோடு முடிகிறது, காணிக்கு உரிமை கோர எத்தனை நாள் தவணை என்பவை யாவும் இந்த இரண்டாம் படியிலேயே தீர்மானமாகின்றன. சட்டம் குளம் என்றால் ஒழுங்குவிதி வாய்க்கால். குளம் நிரம்பியிருந்தாலும் வயலுக்குத் தண்ணீர் வருவதும் வராததும் வாய்க்காலைப் பொறுத்ததே.

இந்த விதிகள் அறிவித்தல்களாக வெளிவருகின்றன. வர்த்தமானியில் அச்சாகின்றன; பிரதேச செயலகச் சுவரிலும் கிராம அலுவலரின் பலகையிலும் ஒட்டப்படுகின்றன. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இங்கேதான் சிக்கல். அறிவித்தல் ஒட்டப்படும் சுவர் ஊரில் இருக்கிறது; குடும்பம் ஊரில் இல்லை. ஆனால் தவணை நாட்கள் எல்லோருக்கும் ஒரேமாதிரி ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே இந்தப் பாடத்தில் அறிவித்தல் என்றால் என்ன, அதை எப்படி வாசிப்பது, அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று பார்ப்போம். இதை ஒழுங்காகச் சிந்தித்துச் சட்டமாக்கிய நாடுகளில் ஒன்று ஐக்கிய அமெரிக்கா. அங்கே கமக்காரர் வென்ற கதையும் உண்டு, தோற்ற கதையும் உண்டு. இரண்டும் எமக்குப் பயன்படும்.

அறிவிக்கப்படாத சட்டம் சட்டமாகுமா?

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் சட்டத்துக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தார். அது அறிவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பொதுநன்மைக்காக இருக்க வேண்டும். சமூகத்தைக் காக்கும் பொறுப்புடையவரால் ஆக்கப்பட வேண்டும். மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். அறிவித்தலை அவர் ஒரு சடங்காகக் கருதவில்லை. அதைச் சட்டத்தின் உறுப்பாகவே கருதினார். அறியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படிக் கீழ்ப்படிவார் என்பதே அதன் உட்கருத்து.

அமெரிக்கா இதை ஓர் அவமானத்தின் வழியாகக் கற்றது. 1930களின் பொருளாதார நெருக்கடியின்போது அங்கே சமஷ்டி அரசாங்கத்தின் திணைக்களங்கள் ஏராளமான விதிகளைப் பிறப்பித்தன. அவற்றை ஒரே இடத்தில் வெளியிடும் பத்திரிகை இருக்கவில்லை. அக்காலத்தில் எண்ணெய் உற்பத்தி பற்றிய ஒரு விதியை மீறியதாகச் சிலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போன வேளையிலே ஓர் உண்மை வெளிப்பட்டது. 1933இல் செய்த ஒரு திருத்தத்தின்போது அந்த விதியே தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது. இல்லாத விதியின் கீழ் வழக்கு நடந்திருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அது தெரியாது, குற்றஞ்சாட்டிய அரசாங்கத்துக்கும் தெரியாது.

இதன் பின்னர் 1935 ஜூலை 26இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 'பெடரல் ரெஜிஸ்டர்' என்னும் அரச பத்திரிகையின் முதல் இதழ் 1936 மார்ச் 14இல் 16 பக்கங்களுடன் வெளிவந்தது. இன்று அரசாங்க வேலைநாள் ஒவ்வொன்றிலும் அது வெளிவருகிறது. சனாதிபதியின் கட்டளைகள், திணைக்களங்களின் முடிந்த விதிகள், முன்மொழியப்பட்ட விதிகள், பொது அறிவித்தல்கள் என நான்கு வகையானவை அதில் இடம்பெறுகின்றன.

விதிக்கு முன் அறிவித்தல்

இந்த நான்கில் 'முன்மொழியப்பட்ட விதி' என்பதைக் கவனியுங்கள். விதியை ஆக்கிய பின் அறிவிப்பது ஒன்று. ஆக்குவதற்கு முன்பே, "இப்படி ஒரு விதியை ஆக்க எண்ணுகிறோம், உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பது வேறொன்று. 1946 ஜூன் 11இல் நிறைவேறிய நிர்வாக நடைமுறைச் சட்டம் இந்த இரண்டாவதைக் கடமையாக்கியது. அதன் படிகள் இவை:

1. எண்ணியுள்ள விதியையும், எந்தச் சட்டத்தின் அதிகாரத்தில் அதை ஆக்குகிறார்கள் என்பதையும் திணைக்களம் வெளியிட வேண்டும்.

2. எவரும் எழுத்தில் கருத்தும் தகவலும் காரணமும் அனுப்ப இடமளிக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் 30 முதல் 60 நாட்கள் வரை கொடுக்கப்படுகின்றன.

3. வந்த கருத்துக்களைத் திணைக்களம் ஆராய வேண்டும். முடிந்த விதியை வெளியிடும்போது அதன் அடிப்படையையும் நோக்கத்தையும் சொல்ல வேண்டும்.

4. விதி வெளியாகிக் குறைந்தது 30 நாட்களுக்குப் பின்னரே பொதுவாக நடைமுறைக்கு வரலாம்.

5. ஒரு விதியை ஆக்கும்படியோ, மாற்றும்படியோ, நீக்கும்படியோ மனுக் கொடுக்க அக்கறையுள்ள எவருக்கும் உரிமை உண்டு.

இந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. இராணுவ அலுவல்கள், வெளிநாட்டு அலுவல்கள், அரசின் சொத்து, கடன், உதவித்தொகை ஆகியவை பற்றிய விதிகளுக்கு இந்தக் கடமை இல்லை என்று சட்டமே சொல்கிறது. அவசரம் என்று காரணம் காட்டியும் திணைக்களம் சில வேளை தப்பிக்கொள்ளலாம். ஏழையை அதிகம் தொடுகின்ற அரச காணியும் உதவித்தொகையும் விலக்கப்பட்டவற்றுள் அடங்குவதைக் கவனிக்க வேண்டும்.

கடிதங்கள் மாற்றிய விதி

சேதன முறையில் விளைந்தது என்று பெயரிட்டு விற்கும் உணவுக்கு ஒரே தரம் வேண்டுமென 1990இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அதற்குரிய விதியை விவசாயத் திணைக்களம் 1997 டிசெம்பர் 16இல் முன்மொழிந்தது. மரபணு மாற்றப்பட்ட பயிர், உணவைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தல், நகரக் கழிவுநீர்ச் சேற்றைப் பசளையாக இடுதல் ஆகிய மூன்றையும் அந்த வரைவு திட்டவட்டமாக விலக்கவில்லை. அவற்றுக்குக் கதவு திறந்தபடி இருந்தது.

சேதனக் கமக்காரரும் உணவை வாங்குவோரும் எழுதத் தொடங்கினர். திணைக்களத்துக்கு வந்த கருத்துக்களின் எண்ணிக்கை 275,603. அரசாங்கம் வரைவைத் திருப்பி எடுத்து, 2000 மார்ச் 13இல் புதிய வரைவை வெளியிட்டு, மீண்டும் கருத்துக் கேட்டது. 2000 டிசெம்பர் 21இல் வெளிவந்த முடிந்த விதி அந்த மூன்றையும் தடைசெய்தது. 2002 ஒக்டோபர் 21இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சட்டம் பிறந்து விதி நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. காலம் நீண்டதுதான். ஆனால் தங்கள் நிலத்துக்கு எது போகக்கூடாது என்பதில் கமக்காரரின் சொல்லும் இருந்தது.

வாய்ச்சொல்லை நம்பித் தோற்றவர்கள்

மற்றக் கதை 1945இல் இடாகோ மாநிலத்தில் நடந்தது. அங்கே கமக்காரர் சிலர் 460 ஏக்கரில் கோதுமை விதைத்து, அரச பயிர்க் காப்புறுதிக்கு விண்ணப்பித்தார்கள். அதில் 400 ஏக்கரில் முன்பு மாரிக் கோதுமை இருந்தது. இப்போது அதன்மேல் மறுபடி விதைக்கிறோம் என்று உள்ளூர்க் குழுவிடம் மறைக்காமற் சொன்னார்கள். அந்தக் குழு காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் முகவராக வேலை செய்தது. பயிர் முழுவதற்கும் காப்புறுதி உண்டு என்று குழு அவர்களிடம் சொல்லியது. மே மாதத்தில் விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. ஜூலையில் வறட்சி வந்து பயிரின் பெரும்பகுதி அழிந்தது.

நட்டஈடு கேட்டபோது, மறுவிதைப்புக்குக் காப்புறுதி இல்லை என்ற விதி பெப்ரவரியிலேயே பெடரல் ரெஜிஸ்டரில் வெளிவந்துவிட்டது என்று பதில் வந்தது. கமக்காரர் அந்தப் பத்திரிகையைக் கண்டதில்லை. குழுவுக்கும் அந்த விதி தெரியாது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1947 நவம்பர் 10இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் கமக்காரர் தோற்றார்கள். பத்திரிகையில் வெளியான விதி, வாசித்தவரையும் வாசிக்காதவரையும் ஒரேமாதிரிக் கட்டுப்படுத்தும் என்பதே தீர்ப்பு. மாறுபட்ட நீதியரசர்களில் ஒருவரான ரொபேட் ஜக்சன், அந்தப் பெரிய பத்திரிகை முழுவதையும் கமக்காரர் வாசிப்பதாயின் விதைக்கவே நேரமிராது, பிறகு காப்புறுதி எதற்கு என்ற கருத்தில் எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பணம் கிடைக்கவில்லை.

இதிலிருந்து ஒரு பாடத்தை இறுகப் பிடித்துக்கொள்வோம். "பயப்படாதேங்கோ, அது உங்கட காணிதான்" என்று ஓர் உத்தியோகத்தர் நல்ல மனத்தோடு சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். எழுத்தில் வந்த அறிவித்தலை வாய்ச்சொல் அழிக்காது. அறிவித்தலுக்கு எழுத்திலேயே பதில் கொடுக்க வேண்டும்.

எமது வர்த்தமானி

இலங்கையில் அரச வர்த்தமானி 1802 முதல் வெளிவருகிறது. அமெரிக்கப் பத்திரிகையைவிட இது மிகவும் மூத்தது. ஆனால் எல்லா விதிகளுக்கும் முன்கூட்டியே மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்ற பொதுச்சட்டம் எமது நாட்டில் இல்லை. சில சட்டங்களில் மட்டும் அந்த வாசல் உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளை மக்கள் பார்வையிட்டு 30 நாட்களுக்குள் கருத்து எழுதலாம். காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அறிவித்தலுக்கு, அதிற் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அந்தத் தவணை 14 நாட்களுக்குக் குறையக்கூடாது.

வாசல் இல்லாதபோது நடப்பதை 2021இல் கண்டோம். அந்த ஆண்டு மே 6ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானியால் இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதன விவசாயம் நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. கமக்காரரைக் கேட்காமலும், மாற்றுப் பசளை போதியளவு ஆயத்தமாகாமலும் ஒரே நாளில் விதி வந்தது. அதன் பின் வந்த காலபோகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நவம்பரிலேயே அரசாங்கம் தடையைத் தளர்த்த நேர்ந்தது. அமெரிக்க விதி, சேதனம் என்ற பெயரைப் பயன்படுத்த விரும்புவோருக்கு மட்டுமானது. எமது தடையோ எல்லாக் கமக்காரர்மேலும் விழுந்தது. கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே கேட்கப்படவில்லை.

இன்னோர் உதாரணம் காணி பற்றியது. 2025 மார்ச் 28இல் வெளிவந்த 2430 ஆம் இலக்க வர்த்தமானியில், 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச்சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவித்தல் இருந்தது. வட மாகாணத்தின் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் அதில் அடங்கியது. மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரப்படாத காணி அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம் என்பதே அதன் பொருள். போரிலும் ஆழிப்பேரலையிலும் உறுதிகளை இழந்தவர்கள், முகாமில் இருப்பவர்கள், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் மூன்று மாதத்துள் என்ன செய்ய முடியும்? மக்கள் பிரதிநிதிகளும் சட்டத்தரணிகளும் பொது அமைப்புக்களும் குரல் எழுப்பினர். 2025 ஜூன் மாத இறுதியில், தவணை முடியும் தறுவாயில், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த அறிவித்தலும் மீளப் பெறப்பட்டது. யாரோ ஒருவர் அந்த வர்த்தமானியைத் தேடி வாசித்தபடியால்தான் மற்றவை நடந்தன. அறிவித்தல் போனாலும் கட்டளைச்சட்டம் அப்படியே இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

ஏழு கேள்விகள்

பெடரல் ரெஜிஸ்டரில் வரும் விதி ஒவ்வொன்றின் முகப்பிலும் ஏழு தலைப்புக்கள் ஒரே ஒழுங்கில் இருக்கும். அவற்றைக் கேள்விகளாக மாற்றினால் எந்த நாட்டு அறிவித்தலையும் வாசிக்கலாம்.

1. யார் பேசுகிறார்? எந்தத் திணைக்களம், எந்த உத்தியோகத்தர்?
2. என்ன செய்கிறார்? கருத்துக் கேட்கிறாரா, உரிமைகோரல் கேட்கிறாரா, முடிவைச் சொல்கிறாரா?
3. சுருக்கம் என்ன? எந்தக் காணி, எந்தப் பயிர், எவ்வளவு?
4. நாட்கள் எவை? வெளியான நாள், கடைசி நாள், நடைமுறைக்கு வரும் நாள்.
5. பதிலை எங்கே, யாருடைய பெயருக்கு அனுப்ப வேண்டும்?
6. விளக்கத்தை யாரிடம் கேட்கலாம்?
7. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? என்ன காரணம்?

நான்காவது கேள்விக்குச் சிவப்பு மையால் கோடிடுங்கள். பின்பு எட்டாவதாக ஒன்றை நாமே கேட்க வேண்டும்: நாம் ஒன்றும் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? 2025ஆம் ஆண்டின் காணி அறிவித்தலில் உயிர்நாடியாக இருந்தது அந்தப் பதில்தான்.

பதில் எழுதும் முறை

ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதங்கள் போனால் அவை எதிர்ப்பின் அளவைக் காட்டும். உத்தியோகத்தர் அறியாத ஓர் உண்மையைச் சொல்லும் கடிதம் அவரைப் பதில் சொல்ல வைக்கும். "இந்த விதி அநியாயமானது" என்று மட்டும் எழுதுவது போதாது. "இந்தத் துண்டுக் காணியில் எங்கள் கிணறு இருக்கிறது. இன்ன ஆண்டு இன்ன இலக்க அனுமதிப்பத்திரம் தரப்பட்டது. இன்ன ஆண்டு இடம்பெயர்ந்தோம்" என்று எழுதுங்கள். அறிவித்தலின் இலக்கத்தையும் திகதியையும் முதல் வரியிற் குறிப்பிடுங்கள். முடிவில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: காணியை விலக்குவதா, தவணையை நீடிப்பதா, விசாரணைக்கு அழைப்பதா?

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெற முயலுங்கள். அதுவும் இல்லையென்றால் பழைய வரிப் பற்றுச்சீட்டு, நிலஅளவை வரைபடம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள முகவரி, பங்குக் கோயில் பதிவேடு, எல்லைக் காணிக்காரரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றைத் திரட்டுங்கள். இவை உறுதிக்கு ஈடாகமாட்டா; ஆனால் நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள் என்பதைக் காட்ட உதவும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். கையிற் கொடுத்தால் பிரதியில் திகதியும் ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள்.

அறிவித்தல் விளங்காவிட்டாலோ வரைபடம் வேண்டுமென்றாலோ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தெரிவிக்க வேண்டும். ஆனால் தகவல் வரும்வரை அறிவித்தலின் தவணை காத்திராது. ஆகவே இரண்டையும் ஒரே நாளிற் செய்யுங்கள். அடிப்படை உரிமை மீறல் வழக்கென்றால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்பதால் சட்டத்தரணியிடம் போகத் தாமதிக்கலாகாது.

ஐந்து சகோதரிகள்

இந்தப் பாடத்துக்குத் திருவிவிலியத்தில் ஒரு துணை உண்டு. எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில் செலொபுகாதின் ஐந்து புதல்வியர் வருகிறார்கள். மக்கள் இன்னும் பாலைநிலத்திலே கூடாரங்களில் இருந்தனர். தந்தை இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. அப்போதைய வழக்கப்படி அவர்களுக்குக் காணி கிடையாது. அவர்கள் மோசே, குரு, தலைவர்கள், மக்கள் கூட்டம் யாவருக்கும் முன்னால் வந்து நின்று, தங்கள் காரணத்தைச் சொல்லி, தங்களுக்கும் பங்கு கேட்டனர். மோசே அதை ஆண்டவரிடம் கொண்டுபோனார். பெண்கள் சொன்னது சரி என்று பதில் வந்தது. அவர்களுக்காக மட்டுமன்றி எல்லோருக்குமாக விதி மாறியது.

கதை அங்கே முடியவில்லை. காணி பகிரும் நாள் வந்தபோது மோசே உயிரோடு இல்லை. யோசுவா நூலின் 17ஆம் அதிகாரத்தில் அதே பெண்கள் மீண்டும் வந்து, தங்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையை நினைவூட்டுகிறார்கள். அதன் பின்பே காணி கைக்கு வருகிறது. நல்ல விதி கிடைத்த பின்னும் அதன் பிரதியைப் பத்திரப்படுத்தி, புதிய உத்தியோகத்தரிடம் மீண்டும் போய்க் காட்ட வேண்டியிருக்கும். கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தல் நன்று.

கலந்துரையாடலுக்கு

1. கடந்த ஓராண்டில் உங்கள் ஊர்க் காணியைப் பற்றி ஏதாவது அறிவித்தல் வந்ததா? அதை நீங்கள் யார் மூலம், எத்தனை நாள் பிந்தி அறிந்தீர்கள்?

2. உங்கள் கமக்காரர் அமைப்பில் அல்லது மாதர் சங்கத்தில் வாரந்தோறும் பிரதேச செயலகப் பலகையையும் வர்த்தமானியையும் பார்ப்பதற்கு இருவரை நியமிக்க முடியுமா? அவர்களின் பேருந்துச் செலவை யார் கொடுப்பது?

3. ஊருக்கு வெளியே இருக்கும் காணிக்காரரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய கொப்பி ஒன்று உங்களிடம் உண்டா? இல்லையென்றால் இன்றே யார் தொடங்குவது?

4. கைக்கு எட்டிய ஓர் அறிவித்தலை எடுத்து, ஏழு கேள்விகளுக்கும் எட்டாவது கேள்விக்கும் குழுவாகப் பதில் எழுதுங்கள். விளங்காத சொற்களைக் கோடிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒரு சட்டத்தரணியை அல்லது காணி உத்தியோகத்தரை அழைத்து அவற்றைக் கேளுங்கள்.